உட்காராத பையன், 22 பேர் வகுப்பு, ஒரே ஒரு ஆயா

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். கொருக்குப்பேட்டையில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் ப்ரீகேஜி எடுக்கிறீர்கள். 22 பிள்ளைகள், ஒரு ஆயா. அவர்களில் மூன்றே முக்கால் வயதுப் பையன் ஒருவன் ஏழெட்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. பாயில் உட்காருவதில்லை. வாட்டர் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்கிறான், திடீர்ச் சத்தம் கேட்டால் காதைப் பொத்துகிறான், இந்த மாதத்தில் சில பிள்ளைகளைக் கடித்தும் விட்டான். அம்மா காசிமேட்டில் மீன் வியாபாரம், வீட்டில் தெலுங்கு. நான்கு பெற்றோர் புகார் சொல்லியிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் அவனை ஸ்பெஷல் ஸ்கூலுக்கு அனுப்பிவிடச் சொல்கிறார் தாளாளர். வைத்துக்கொள்ளலாமா, அனுப்பிவிடலாமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, 'எனக்கு இதற்கெல்லாம் பயிற்சி இல்லை, இவனையே பார்த்துக்கொண்டிருந்தால் மற்ற 21 பேரை யார் பார்ப்பது' என்று, அதைத்தான் நான் உங்கள் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன்.

நான் சிறப்புக் கல்வி படித்தவள். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை பால்வாடிகளிலும் நர்சரிகளிலும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு பல வருஷமாக வேலை செய்கிறேன். என் பதில்: வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்போது நடக்கிற மாதிரியே வைத்துக்கொள்ள வேண்டாம். வகுப்பின் நாளில் சில மாற்றங்கள் செய்ய வேண்டும், அதோடு அவன் காதைச் சோதித்தாக வேண்டும். இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்கலாம்.

முதலில் காது. அவனுக்கு என்ன பெயர் கொண்ட பிரச்சினை என்று நான் சொல்ல மாட்டேன், பார்க்காமல் யாரும் சொல்லக் கூடாது. நீங்களும் டைரியில் 'ஆட்டிசம் போலிருக்கிறது' என்று எழுதிவிடாதீர்கள். மூடி அடுக்குவதும் காதைப் பொத்துவதும் அதன் அறிகுறிகளாக இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். எது எப்படியானாலும் பேச்சு வராத பிள்ளைக்கு முதல் பரிசோதனை செவித்திறன்தான். சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறவனுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. சளி பிடித்துக்கொண்டே இருக்கிற பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்து, ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், மறு வாரம் மங்கலாகக் கேட்கும். லாரி ஹாரன் காதைத் துளைக்கும், நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது பாதிதான் போய்ச் சேரும்.

இன்னும் இரண்டு விஷயம் உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். ஒன்று, வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழும் இங்கிலீஷும், அதனால் குழம்பிப்போய் பேசவில்லை என்பது. இரண்டு மொழி கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்துக்குக் காரணமில்லை, இதில் ஆராய்ச்சி தெளிவாகவே இருக்கிறது. அம்மாவைத் தெலுங்கை விடச் சொல்லாதீர்கள். தனக்குச் சரியாக வராத மொழியில் பேசச் சொன்னால் அவர் பிள்ளையோடு பேசுவதே குறைந்துவிடும். இன்னொன்று, 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்பது. இரண்டு வயதில் பேசாத பிள்ளைகளில் கணிசமானவர்கள் பிறகு மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுவது உண்மை. ஆனால் மூன்று வயதில் பெரும்பாலான பிள்ளைகள் மூன்று வார்த்தை சேர்த்துப் பேசுகிறார்கள், நான்கை நெருங்கும்போது வெளியாளுக்கும் அவர்கள் பேச்சு பெரும்பாலும் புரிகிறது. இந்த வயதில் ஏழெட்டு வார்த்தை என்றால் காத்திருந்து பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது.

எங்கே போவது? இலவசமாகவே முடியும். பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, எழும்பூரில் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்று நான்கையும் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் அந்தக் குழு அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும்தான் போகும். உங்களைப் போன்ற தனியார் நர்சரியின் வாசலுக்கு வராது. வட சென்னையில் நிறைய பிள்ளைகள் தவறிப்போவது இந்த இடைவெளியில்தான். ஃபீஸ் கட்டி நர்சரியில் சேர்த்த குடும்பம் பால்வாடி பக்கம் போவதில்லை, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை. தெருவில் இருக்கிற அங்கன்வாடிப் பணியாளரைப் பிடித்து, அடுத்த முகாம் எப்போது என்று அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நேராக ஆஸ்பத்திரி.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பன்னிரண்டு மணிக்கு கேட்டில், மற்ற அம்மாக்கள் நிற்கும்போது சொல்லாதீர்கள். 'உங்க பையன் நார்மலா இல்லை' என்று தொடங்கினால் அவர் அடுத்த வாக்கியத்தைக் கேட்க மாட்டார். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பல தடவை திரும்புவதில்லை, தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான், வார்த்தை வரவில்லை, முதலில் காதை மட்டும் பார்த்துவிடலாம். அதிகாலை ஏலத்துக்குப் போகிற பெண்ணுக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் வருமானம் போச்சு. அதனால் என்னென்ன காகிதம் வேண்டும், எந்தப் பிரிவு, எந்தக் கிழமை என்று நீங்களே விசாரித்துச் சொன்னால் பெரிய உதவி. அவன் விளையாடுவதை, கூப்பிட்டால் என்ன செய்கிறான் என்பதை, அம்மாவின் போனிலேயே ஒரு நிமிஷ வீடியோவாக இரண்டு மூன்று எடுத்துக் கொடுங்கள். புது இடத்தில் பிள்ளை அழுதுகொண்டே இருந்தால் டாக்டருக்கு வேறெதுவும் பார்க்கக் கிடைக்காது.

இனி கடிப்பது. உங்கள் கடிதத்தில் நீங்களே பதிலைப் பாதி எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? 'கை கழுவ லைன்ல நிக்கும்போதும் சாப்பாட்டுக்கு முன்னாடியும் அதிகம்' என்கிறீர்கள். ஒரு நோட்டு போடுங்கள். கடித்த நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, கடித்த பிறகு என்ன நடந்தது என்று மூன்று கட்டம் போதும். ஒரு வாரம் எழுதினால் ஒரு ஒழுங்கு தெரிந்துவிடும். ஒரே குழாய், 22 பிள்ளைகள், முன்னும் பின்னும் இடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நிற்பது பேசத் தெரிந்த பிள்ளைக்கே கஷ்டம். அவனுக்குத் 'தள்ளாதே' என்று சொல்ல வார்த்தை இல்லை. பல் இருக்கிறது.

அப்படியென்றால் லைனை மாற்றுங்கள். அவனையும் இன்னும் இரண்டு பேரையும் முதலில் ஆயா கூட்டிக்கொண்டு போகட்டும். மற்றவர்களையும் ஐந்தைந்து பேராக அனுப்புங்கள், காத்திருப்பவர்களுக்குப் பாயிலேயே ஒரு பாட்டு ஓடட்டும். சாப்பாட்டுக்கு முன் கடிப்பதில் பசியும் இருக்கலாம். காலையில் என்ன சாப்பிடுகிறான், யார் கொடுக்கிறார்கள், எத்தனை மணிக்கு எழுந்தான் என்று கேளுங்கள். அம்மா இருட்டில் கிளம்பும் வீட்டில் பிள்ளையும் அப்போதே விழித்துவிடும், பன்னிரண்டு மணிக்குள் அதற்கு ஒரு நாளே முடிந்துபோயிருக்கும். பத்தரை மணிக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்துப் பாருங்கள். அடுத்து, கடிப்பதற்குப் பதிலாக அவனுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். கையை முன்னால் நீட்டி 'வேண்டாம்' என்று காட்டும் சைகை போதும். லைனில் வைத்துக் கற்றுக்கொடுக்காதீர்கள், அமைதியாக விளையாடும்போது நீங்களும் ஆயாவும் செய்து காட்டி, அவன் கையைப் பிடித்துச் செய்ய வையுங்கள். சைகை கற்றால் பேச்சு வராது என்று பயப்படுவார்கள். சைகையும் படமும் பேச்சைத் தடுப்பதில்லை, இதுவும் உறுதியான விஷயம்.

கடித்துவிட்டால் கடிபட்ட பிள்ளையை முதலில் பாருங்கள். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், தோல் கிழிந்திருந்தால் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். கடித்தவனிடம் 'கடிக்கக் கூடாது, வலிக்கும்' என்று இரண்டு சொல், அவ்வளவுதான். திருப்பிக் கடிப்பது, வாயில் மிளகாய் வைப்பது இதெல்லாம் இன்னும் சில இடங்களில் நடக்கிறது, நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்குப் போன் போட்டு உடனே வீட்டுக்கு அனுப்புவதையும் நிறுத்துங்கள். வகுப்பு தாங்க முடியாத பிள்ளைக்கு, கடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்பதுதான் அதில் கிடைக்கிற பாடம்.

உட்காருவது பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. மூன்றரை வயதில் நாற்பது நிமிஷம் உட்கார வைத்து நாலு கோட்டு நோட்டில் 'அ' எழுத வைப்பது எந்தப் பிள்ளைக்கும் ஏற்றதில்லை. பெற்றோர் நோட்டைத் திருப்பிப் பார்க்கிறார்கள், தாளாளர் பெற்றோரைப் பார்க்கிறார், நடுவில் நீங்கள் மாட்டிக்கொள்கிறீர்கள், அது தெரியும். ஆனால் மற்ற 21 பேர் உட்கார்ந்திருப்பதால் அவர்களுக்கு அது சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அரசு அங்கன்வாடிகளுக்கான 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் பெயருக்கேற்ற மாதிரி விளையாட்டையும் பாட்டையும் வைத்துத்தான் இருக்கிறது. உங்கள் நர்சரியில் அதைக் கடைப்பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் தாளாளரிடம் காட்ட ஒரு ஆதாரம்.

வகுப்பை இரண்டாகப் பிரிப்பதுதான் நான் பார்த்ததில் அதிகப் பலன் தந்தது. பதினொரு பேர் ஆயாவோடு வெளியே, அல்லது அறையின் மறு மூலையில் மணல், மூடி, களிமண். பதினொரு பேர் உங்களோடு பாட்டு, கதை. இருபது நிமிஷத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். சத்தம் பாதியாகும், காத்திருப்பு பாதியாகும், ஒவ்வொரு பிள்ளையும் வாய் திறக்கும் வாய்ப்பு இரட்டிப்பாகும். இதில் அவனுக்காகத் தனியாக எதுவும் செய்யவில்லை, பலன் எல்லோருக்கும்தான். உங்கள் 'மற்ற 21 பேர்' கவலைக்கு என்னிடம் இருக்கிற நேரடி பதில் இதுதான்.

அடுத்து, நாள் எப்படிப் போகும் என்பதை அவன் கண்ணுக்குக் காட்டுங்கள். பாட்டு, விளையாட்டு, கை கழுவுதல், சாப்பாடு, வீடு. ஐந்தையும் உங்கள் வகுப்பிலேயே போனில் படமெடுத்து, ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து, அவன் கண்மட்டத்தில் சுவரில் ஒட்டுங்கள். ஒன்று முடிந்ததும் அவனையே அந்தப் படத்தைத் திருப்பிவைக்கச் சொல்லுங்கள். நாம் ஊருக்குப் போகும் பஸ்ஸில் அடுத்த நிறுத்தம் எது என்று தெரிந்தால் நிம்மதியாக உட்காருவோமே, அதே கதைதான். அவனுக்கென்று பாயின் ஓரத்தில், சுவரை ஒட்டி ஒரு இடம், தரையில் கலர் டேப் ஒட்டிக் காட்டுங்கள். முதல் வாரம் இரண்டு நிமிஷம் உட்கார்ந்தால் போதும், நின்றுகொண்டு கேட்டாலும் போதும். நடுவில் எழுந்தால், எழுந்து போக ஒரு வேலை கொடுங்கள். தண்ணீர் பாட்டில் கூடையைத் தூக்கிக்கொண்டு வருவது மாதிரி கனமான வேலை சில பிள்ளைகளைச் சாந்தப்படுத்துகிறது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது, முயற்சி செய்வதில் நஷ்டமில்லை. உங்கள் பக்கம் கூட்ஸ் ரயில் ஓசையும் கோயில் திருவிழா ஒலிபெருக்கியும் நம் கையில் இல்லை. நாமாகச் சேர்க்கிற ஸ்பீக்கரை, ஸ்டீல் தட்டைத் தட்டிக் கூப்பிடுவதைக் குறைக்கலாம்.

மூடிகளைப் பிடுங்காதீர்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு வரிசை அடுக்குங்கள். ஒரு மூடியை அவனிடம் நீட்டி 'இந்தா' என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். அடுத்த மூடியை உங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு அவன் பார்க்கும் வரை பொறுங்கள், பார்த்த உடனே கொடுங்கள். ஒரு பார்வை, பிறகு ஒரு கை நீட்டல், பிறகு ஒரு சத்தம். பேச்சு இந்த வழியாகத்தான் வருகிறது. பாட்டிலும் அப்படியே. அவனுக்குத் தெரிந்த பாட்டின் வரியைப் பாடி, கடைசி வார்த்தையை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள். சில நாள் எதுவும் வராது, பரவாயில்லை. பக்கத்தில் உட்கார ஒரு பொறுமையான பிள்ளையைச் சேர்த்துவிடுவது நல்ல யோசனைதான், ஆனால் தினமும் ஒரே பிள்ளை என்று வைக்காதீர்கள். அந்தக் குழந்தை விளையாட வந்தது, ஆயா வேலை பார்க்க வரவில்லை.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது விவாதத்தில் இருக்கிறது என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் வகுப்பில் மற்ற பிள்ளைகளின் படிப்பு கெட்டுவிடுவதில்லை என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் ஒத்துச் சொல்கின்றன. சும்மா ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பலன் வந்துவிடாது என்பதும் உறுதி. அமெரிக்காவில் குழந்தைக் கல்வியாளர்களின் இரண்டு அமைப்புகள் 2009இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை மூன்றையும் ஒன்றாகக் கேட்கிறது: உள்ளே வர வழி, உள்ளே வந்தபின் பங்கேற்பு, அதற்குப் பின்னால் ஆசிரியருக்கும் குடும்பத்துக்கும் ஆதரவு. நம்மூரில் முதலாவதைக் கொடுத்துவிட்டு 'சேர்த்துக்கொண்டோம்' என்று சொல்லிக்கொள்கிறோம். விவாதத்தில் இருப்பது, எல்லாப் பிள்ளைக்கும் நாள் முழுக்கப் பொது வகுப்புதான் நல்லதா என்பது. காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி தெரிந்த ஆட்கள் சுற்றிலும் வேண்டும், அது உங்கள் வகுப்பில் கிடைக்காது. சிலருக்கு காலை வகுப்பு, மதியம் தெரபி என்று பாதிப் பாதி ஒத்துவருகிறது. அந்தப் பிள்ளையோடு கூடவே இருக்க ஒரு உதவியாளரைத் தனியாக அமர்த்துவதிலும் இரண்டு பக்கம் இருக்கிறது. சில வகுப்பில் உதவுகிறது, சில வகுப்பில் டீச்சர் அந்தப் பிள்ளையோடு பேசுவதே நின்றுபோகிறது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆட்டிசம் போய்விடும் என்று யாராவது அம்மாவிடம் சொன்னால் மட்டும் தயங்காமல் தடுத்துவிடுங்கள். அதற்கு ஆதாரம் இல்லை, பணம் மட்டும் கரையும்.

சட்டம் கேட்டீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அதன் 16ஆம் பிரிவு. ஆனால் இலவசக் கல்வி உரிமையைச் சொல்லும் 31ஆம் பிரிவு 6 வயதிலிருந்து 18 வரைதான் பேசுகிறது. கல்வி உரிமைச் சட்டமும் 6 வயதில்தான் தொடங்குகிறது, தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடம் மட்டும் எல்கேஜி சேர்க்கையிலிருந்தே வரும். ஆக மூன்றே முக்கால் வயதுக்குச் சட்டத்தின் பிடி தளர்வாகத்தான் இருக்கிறது. தாளாளரிடம் சட்டத்தை மட்டும் காட்டிப் பயமுறுத்தலாம் என்று நினைக்காதீர்கள். அங்கன்வாடிகளுக்கு நிலைமை கொஞ்சம் தேவலை. மாற்றுத்திறன் குழந்தைகளை அடையாளம் காணவும், சேர்த்து வைத்துக்கொள்ளவும், மருத்துவக் குழுவிடம் அனுப்பவும் ஒன்றிய அரசு 2023 நவம்பர் 28 அன்று ஒரு தனி நெறிமுறை வெளியிட்டது.

பின்னால் ஏதாவது குறைபாடு என்று உறுதியானால் அடையாள அட்டை வாங்கச் சொல்லுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒன்றிய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீடு வருஷத்துக்கு 1 லட்ச ரூபாய் வரை தெரபி செலவையும் சேர்த்துத் தருகிறது. பலருக்கும் அது தெரியாது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனமே இருக்கிறது, எல்லா வசதியும் ஒரே இடத்தில். ஆனால் கொருக்குப்பேட்டையிலிருந்து வாரம் மூன்று முறை முட்டுக்காடு போ என்று ஒரு மீன்காரப் பெண்ணிடம் சொல்வது சிகிச்சையை நிறுத்தச் சொல்வதற்குச் சமம். ஒரு முறை மதிப்பீட்டுக்குப் போகட்டும், தொடர்ந்து செய்வது நடந்துபோகும் தூரத்தில் இருக்கட்டும். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், அங்கேயும் கேட்டுப் பாருங்கள்.

புகார் சொன்ன நான்கு பெற்றோரிடம் அவன் பெயரையோ மருத்துவ விவரத்தையோ பேசாதீர்கள். அவர்கள் கேட்க வேண்டியது தங்கள் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு என்பதைத்தான். லைனைப் பிரித்துவிட்டோம், சாப்பாட்டு நேரத்தில் ஆயா பக்கத்திலேயே இருக்கிறார், கடி பட்டால் அன்றைக்கே உங்களுக்குச் சொல்லுவோம் என்று சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது போதும்.

தாளாளரிடம் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். அந்தக் கடி நோட்டு, பிரித்த வகுப்பின் நேர அட்டவணை, காது பரிசோதனைக்குப் போட்ட தேதி, மூன்றையும் வைத்துக் காலாண்டு விடுமுறை வரை அவகாசம் கேளுங்கள். நோட்டில் கடி குறைந்திருந்தால் அதுவே பேசும். குறையவில்லை என்றால் எந்த நேரத்தில் குறையவில்லை என்பதாவது தெரியும், அதை வைத்து இங்கேயே மறுபடி எழுதுங்கள். அவர் எதற்கும் மசியவில்லை என்றால், அவனை வெளியே அனுப்பும் முன்பே பக்கத்து அங்கன்வாடியிலும் எல்கேஜி நடத்தும் மாநகராட்சிப் பள்ளியிலும் இடம் கேட்டு வையுங்கள். ஒரு நாள்கூட அவன் வீட்டில் போனோடு உட்காரக் கூடாது. புது டீச்சருக்கு அந்த ஐந்து படங்களையும், எந்த நேரத்தில் அவனுக்குக் கஷ்டம் என்ற குறிப்பையும் அம்மா கையில் கொடுத்தனுப்புங்கள்.